அழைக்கும் பெயரும் அணைக்கும் கரமும்: வளர்ப்புப் பிள்ளைகளின் எழுத்துகளை முன்வைத்து

தத்து என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம்மவரிடையே உடனே வந்து விழும் மறுமொழி ஒன்றுண்டு: 'இஸ்லாத்தில் தத்து இல்லை.' சட்டத்தின் அளவில் இம்மறுமொழி சரியானதே. ஆயினும் அதைச் சொல்லிய கணத்திலேயே பேச்சும் முடிந்துபோகிறது. வளர்ப்பவரின் கடமை பற்றியும், சொத்துப் பங்கீடு பற்றியும், மஹ்ரம் வரம்புகள் பற்றியும் மார்க்கத் தீர்ப்புகள் நம்மிடம் நிறையவே உள்ளன. ஆனால் வளர்க்கப்பட்டவர் தம்மை யாராக உணர்கிறார், தம்மைப் பெற்றவரையும் வளர்த்தவரையும் எந்தச் சொல்லால் அழைக்கிறார், எந்த வீட்டை 'எங்கள் வீடு' என்கிறார் என்ற வினாக்கள் நம் எழுத்துகளில் எழுவது அரிது.

இலக்கியம் இவ்வினாக்களைக் கைவிடவில்லை. தத்துப் பிள்ளைகளாகவும் வளர்ப்புப் பிள்ளைகளாகவும் வளர்ந்தவர்கள் தாமே எழுதுகோல் ஏந்திய நூல்கள், கடந்த சில பத்தாண்டுகளில் ஆங்கிலத்தில் ஒரு தனி வகையாகவே உருப்பெற்றுள்ளன. அவற்றுள் இரண்டை இங்கே ஆராய எடுத்துக்கொள்கிறோம். எத்தியோப்பியத் தாய்க்கு இங்கிலாந்தில் பிறந்த கவிஞர் லெம் சிஸே 2019இல் வெளியிட்ட 'மை நேம் இஸ் ஒய்' ஒன்று. ஸ்காட்லாந்துக் கவிஞர் ஜாக்கி கே 2010இல் வெளியிட்ட 'ரெட் டஸ்ட் ரோடு' மற்றொன்று. இருவரும் முஸ்லிம்கள் அல்லர். நம் ஷரீஅத்தின் விவாதங்களை மனத்திற்கொண்டு எழுதியவர்களும் அல்லர். அதனாலேயே அவர்களுடைய சாட்சியம் நமக்கு மதிப்புடையதாகிறது.

திருமறையின் 33ஆம் அத்தியாயமாகிய 'அல்அஹ்ஸாப்', வளர்ப்புப் பிள்ளைகளைப் பற்றி ஒரே வசனத்தில் இரண்டு கருத்துகளைத் தருகிறது. அவர்களை அவர்தம் தந்தையரோடு சேர்த்தே அழைக்க வேண்டும் என்பது முதலாவது. தந்தையர் இன்னாரென அறியப்படாவிட்டால், அவர்கள் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள், உங்கள் மவ்லாக்கள் என்பது இரண்டாவது. முதற்பாதி உண்மையைக் காக்கிறது; இரண்டாம் பாதி உறவைக் காக்கிறது. முதற்பாதி மீறப்படும்போது ஒரு மனிதனுக்கு என்ன நேர்கிறது என்பதற்குச் சிஸேயின் நூல் சான்று. முதற்பாதி மட்டும் நிறைவேறி இரண்டாம் பாதி மறக்கப்படும்போது என்ன நேர்கிறது என்பதற்குக் கேயின் நூல் சான்று. இரண்டையும் சேர்த்துப் படிக்கையில், நாம் பல காலமாக இவ்வசனத்தை அரைகுறையாகவே வாசித்து வந்திருக்கிறோம் என்ற உண்மை புலனாகிறது.

திருமறையின் இரு வளர்ப்புப் பிள்ளைகள்

நூல்களுக்குள் செல்லுமுன் திருமறை கூறும் இரு வரலாறுகளை நினைவுகூர்வது பொருந்தும். யூஸுஃப் (அலை) அவர்களை விலைக்கு வாங்கிய எகிப்தியர் தம் மனைவியிடம் கூறுவதும் (12:21), ஆற்றில் மிதந்து வந்த குழந்தை மூஸா (அலை) அவர்களைக் கண்டு ஃபிர்அவ்னின் மனைவி கூறுவதும் (28:9) ஒரே சொற்றொடராக அமைந்துள்ளன. இவர் நமக்குப் பயன்படக்கூடும், அல்லது இவரை நாம் மகனாக்கிக்கொள்ளலாம் என்பதே இருவர் கூற்றின் பொருளும். அரபி மூலத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. பயன் முன்னும் பிள்ளை பின்னும் வரும் இவ்வரிசையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவருவோரின் நெஞ்சில் அன்பு இருக்கலாம். ஃபிர்அவ்னின் மனைவியைத் திருமறை பிறிதோரிடத்தில் இறைநம்பிக்கையாளர்களுக்கு முன்மாதிரியாகவே காட்டுகிறது (66:11). எனினும் அந்த அன்பினூடே வளர்ப்போரின் தேவையும் கலந்தே இருக்கும் என்பதை இறைவாக்கு மறைக்கவில்லை.

இத்தேவையிலிருந்து பிறப்பதே நன்றிக்கடன் என்னும் சுமை. மூஸா (அலை) அவர்கள் தூதராகத் திரும்பி வந்து நிற்கும்போது, ஃபிர்அவ்ன் முதலில் எடுத்து வீசும் ஆயுதம் அதுதான்: குழந்தையாக இருந்தபோது உம்மை எங்களிடையே வளர்க்கவில்லையா என்று கேட்கிறான் (26:18). வளர்ப்புப் பிள்ளைகள் உலகெங்கும் ஏதோ ஒரு வடிவில் கேட்கும் கேள்வி இது. மூஸா (அலை) அவர்கள் அந்த வளர்ப்பை மறுக்கவில்லை. என் சமுதாயத்தையே அடிமைப்படுத்தி வைத்திருக்கையில் இதை ஓர் உபகாரமாகவா சொல்லிக்காட்டுகிறாய் என்று திருப்பிக் கேட்கிறார் (26:22). அவர் அரண்மனைக்கு வந்து சேர்ந்ததே அந்த அரண்மனையின் கொடுமையால்தான். ஆண் குழந்தைகளைக் கொல்லும் ஆணை இல்லையேல் ஒரு தாய் தன் மகனை ஆற்றில் விட்டிருக்கமாட்டாள்.

யூஸுஃப் (அலை) அவர்களின் நிலை வேறு. தமக்கு நல்ல உறைவிடம் தந்தவருக்குத் துரோகம் செய்யமாட்டேன் என்று அவர் கூறுவதாகவே விரிவுரையாளர் பலர் 12:23க்குப் பொருள் கொள்கின்றனர். ஆனால் அதே யூஸுஃப் (அலை) அவர்கள், சிறையில் இருந்தபோது இப்ராஹீம், இஸ்ஹாக், யஃகூப் ஆகிய தம் மூதாதையரின் மார்க்கத்தைப் பின்பற்றுவதாக அறிவிக்கிறார் (12:38). வளர்த்தவரிடம் விசுவாசமும் பெற்றவரிடம் வேரும் ஒரே நெஞ்சில் மோதாமல் நிற்கக்கூடும் என்பதை அவர் காட்டுகிறார். நன்றியை மறுக்கும் உரிமையும், நன்றியோடு வேரை அறிவிக்கும் உரிமையும் ஆகிய இரண்டையும் திருமறை இவ்விரு நபிமார் வழியாக ஏற்றுக்கொள்கிறது.

ஸைத் (ரலி): இழந்த பெயரும் இழக்காத அன்பும்

அல்அஹ்ஸாப் வசனம் இறங்கிய சூழலை அறியாதார் நம்மில் அரியர். கல்ப் குலத்தைச் சேர்ந்த ஸைத் பின் ஹாரிஸா (ரலி) சிறுவராயிருந்தபோது கொள்ளையரால் பிடிக்கப்பட்டு விற்கப்பட்டார். ஹகீம் பின் ஹிஸாம் அவரை வாங்கித் தம் அத்தை கதீஜா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார். கதீஜா நாயகியார் அவரை அண்ணலாருக்கு அளித்தார். பல ஆண்டுகளுக்குப் பின் தந்தை ஹாரிஸா தேடிக் கண்டுபிடித்து மீட்க வந்தபோது, முடிவைச் சிறுவரிடமே விட்டார்கள் நபிகளார். ஸைத் (ரலி) தம்மை வளர்த்தவரையே தெரிவு செய்தார். அதன்பின் கஅபாவின் அருகே அவரைத் தம் மகனென அண்ணலார் அறிவித்தார்கள். மக்கள் 'ஸைத் பின் முஹம்மத்' என்றே அழைத்தனர் எனச் சீறா நூல்கள் கூறுகின்றன.

இந்நிகழ்ச்சியில் நாம் அடிக்கடி கடந்து சென்றுவிடும் கூறுகள் இரண்டு. தந்தை தேடி வந்தபோது பிள்ளையிடமிருந்து எதுவும் மறைக்கப்படவில்லை. பெற்றவரும் வளர்த்தவரும் அவர் முன் நின்றார்கள். அடுத்து, தெரிவு செய்யும் உரிமை பிள்ளைக்கே வழங்கப்பட்டது. ஏழாம் நூற்றாண்டுக்கு முந்திய அரேபியாவில், விலைக்கு வாங்கப்பட்ட ஒரு சிறுவருக்கு இவ்வுரிமை அளிக்கப்பட்டது சாதாரணமன்று.

பின்னர் இறைவாக்கு இறங்கியது; 'முஹம்மதின் மகன்' என்ற பெயர் நீங்கி, ஸைத் (ரலி) மீண்டும் ஹாரிஸாவின் மகனானார். இம்மாற்றம் அவர் நெஞ்சில் எப்படித் தைத்திருக்கும் என்று நம் முன்னோர் எண்ணிப் பார்க்காமல் இல்லை. அந்தப் பெருமை நீங்கிய தனிமைக்கு ஆறுதலாகவே, நபித்தோழர்களுள் வேறெவருக்கும் கிடைக்காத சிறப்பாக அவர் பெயர் திருமறையிலேயே இடம்பெற்றது (33:37) என்று அந்தலூசிய அறிஞர் இமாம் ஸுஹைலீ எழுதினார். குர்துபீயும் அதைத் தம் விரிவுரையில் எடுத்தாண்டார். ஒரு சட்ட வசனத்தை விளக்கும்போது, அதனால் ஒரு மனிதர் எதை இழந்தார் என்று வினவிய அந்த உள்ளம் இன்றைய நம் உரைகளில் காணக் கிடைப்பதில்லை.

பெயர் மாறியதேயன்றி அன்பு மாறவில்லை. ஹிஜ்ரி 8இல் (629) முஃதாவுக்குச் சென்ற படைக்கு முதல் தளபதியாக அனுப்பப்பட்டவர் ஸைத் (ரலி), அங்கேயே ஷஹீதானார். அவர் மகன் உஸாமா (ரலி) இளைஞராயிருந்தும் தளபதியாக்கப்பட்டார். அதைக் குறைகூறியவர்களுக்கு, தந்தையின் தலைமையையும் நீங்கள் இவ்வாறே குறைகூறினீர்கள், அவர் எனக்கு மிகப் பிரியமானவர்களுள் ஒருவர் என்று அண்ணலார் பதிலளித்தார்கள். ஸைத் (ரலி) வெண்ணிறத்தவர், உஸாமா (ரலி) கருநிறத்தவர் என்பதால் சிலர் பிறப்பை ஐயுற்று நாவாடிய காலத்தில், போர்வைக்கு வெளியே தெரிந்த இருவர் பாதங்களையும் பார்த்த முஜஸ்ஸிஸ் என்னும் உடற்குறி வல்லுநர், இவை ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்றார். அதைக் கேட்டு அண்ணலாரின் முகம் மலர்ந்ததை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது இடம்பெற்றுள்ளது. வேரை ஐயுறுவது ஒருவரை எவ்வளவு புண்படுத்தும் என்பதை அறிந்த உள்ளத்தின் மலர்ச்சி அது.

வசனத்தின் முதற்பாதி எவ்வளவு நெகிழ்வோடு நடைமுறைக்கு வந்தது என்பதற்கும் சான்றுண்டு. மிக்தாத் (ரலி) அவர்களின் தந்தை அம்ர்; அவரை மகனாக்கிக்கொண்டவர் அல்அஸ்வத். வசனம் இறங்கிய பின்னரும் ஹதீஸ் நூல்கள் அவரை 'மிக்தாத் பின் அல்அஸ்வத்' என்றே பெரிதும் வழங்குகின்றன. உண்மை மறைக்கப்படாமல், வெறும் அடையாளமாக நின்றுவிட்ட பெயரில் குற்றமில்லை என்பது குர்துபீயின் விளக்கம். தந்தைவழி தெளிவாக அறியப்படாத ஸாலிம் (ரலி), தம்மை வளர்த்த அபூஹுதைஃபாவின் 'மவ்லா' என்றே வரலாற்றில் நிற்கிறார். திருமறையை எவரிடம் கற்க வேண்டும் என்று அண்ணலார் சுட்டிய நால்வருள் அவரும் ஒருவர். 'மவ்லா' என்ற சொல் காப்பவரையும் காக்கப்படுபவரையும் ஒருங்கே குறிக்கும். ஒருவரை ஒருவர் சார்ந்து நிற்கும் பிணைப்பு அதனுள் அடங்கியுள்ளது. அதை 'உதவியாளர்' என்றும் 'நண்பர்' என்றும் நாம் மொழிபெயர்த்துக் கடந்துவிடும்போது, வசனத்தின் இரண்டாம் பாதி ஒலியிழந்து போகிறது.

பறிக்கப்பட்ட பெயர்

இப்பின்னணியோடு சிஸேயின் நூலுக்கு வருவோம். அவர் தாய் 1966இல் படிப்பதற்காக இங்கிலாந்து வந்தவர். மறு ஆண்டு மகனைப் பெற்றார். தத்துக்கொடுக்கும் பத்திரத்தில் ஒப்பமிட அவர் மறுத்துவிட்டார். ஆனால் குழந்தை ஒரு வெள்ளைக் கிறிஸ்தவக் குடும்பத்திடம் வளர்ப்புப் பிள்ளையாகக் கொடுக்கப்பட்டது; அதைத் தத்தாகவே கருதிக்கொள்ளும்படி அக்குடும்பத்துக்குச் சொல்லப்பட்டது. பொறுப்பிலிருந்த சமூகப் பணியாளர் தம் பெயரையே குழந்தைக்குச் சூட்டினார்: நார்மன். அக்குடும்பத்தின் பெயரும் உடன் ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டுகள் அந்த வீட்டை உலகமென நம்பி வளர்ந்த சிறுவனை, ஒருநாள் அக்குடும்பம் அரசுக் காப்பகத்தில் சேர்த்துவிட்டுத் தொடர்பை அறுத்துக்கொண்டது. காப்பகங்கள் மாறிமாறிக் கழிந்த இளமையின் இறுதியில் அவர் கைக்கு இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று பிறப்புச் சான்றிதழ். அதில் அவர் பெயர் லெம் சிஸே. மற்றொன்று, தம் மகனைத் திரும்பத் தருமாறு தாய் 1968இலேயே எழுதிய கடிதம். 'லெம்' என்ற அம்ஹாரிச் சொல்லுக்கு 'ஏன்' என்று பொருள். நூலின் தலைப்பு அங்கிருந்து பிறந்தது.

இந்நூலின் வலிமை அதன் கட்டமைப்பில் உள்ளது. நீண்ட காலம் போராடி 2015இல் பெற்ற தம் கோப்புகளை அவர் அப்படியே நூலில் வைக்கிறார். ஒவ்வோர் ஆவணத்தின் அருகிலும் தம் நினைவைச் சிறு குறிப்பாக எழுதுகிறார். அலுவலகம் ஒரு சிறுவனைப் பற்றி எழுதிய மொழியும், அச்சிறுவனின் மொழியும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. கோப்பில் அவன் ஒரு 'பிரச்சினை'; நினைவில் அவன் தன் தாய் தந்தையர் என்று நம்பியோரை மகிழ்விக்கத் துடிக்கும் பிள்ளை. ஆசிரியர் குரலை உயர்த்தாமலேயே வாசகர் தீர்ப்புக்கு வந்துவிடுகிறார்.

இங்கே பெயர் வெறும் ஒலிக்குறிப்பன்று. பெயரோடு தாய் தேடினாள் என்ற செய்தியும் மறைக்கப்பட்டது. அவனைக் கைவிட்டார்கள் என்ற பொய் அந்த இடத்தில் குடியேறியது. வளர்த்தோர் அவனைத் திருப்பி அனுப்பியபோது, அவன் இரண்டாம் முறை கைவிடப்பட்டவனாகத் தன்னை உணர்ந்தான். உண்மையில் முதல்முறை அவன் கைவிடப்படவே இல்லை. தந்தையரோடு சேர்த்து அழைப்பதே அல்லாஹ்விடம் நீதியானது என்று வசனம் 'நீதி' என்ற சொல்லை ஏன் ஆள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உரையை நாம் கண்டதில்லை. வேரை அறிவது பிள்ளைக்குரிய நியாயம். அதை மறைப்பது, எத்துணை நல்லெண்ணத்தோடு நிகழ்ந்தாலும், பிறர் உடைமையைக் கவர்வதாகும்.

நூலுக்குக் குறையும் உண்டு. அது பதினெட்டு வயதோடு நின்றுவிடுகிறது. பின்னாளில் தாயைக் கண்டடைந்த பிறகு அந்த உறவு என்ன ஆயிற்று என்பதற்குள் நூல் நுழைவதில்லை. பெயர் கிடைத்தது; பெயரை அழைக்கும் குரல் கிடைத்ததா? இவ்வினாவுக்கு விடை தேடக் கேயின் நூலுக்கே நாம் செல்ல வேண்டும்.

கிடைத்த வேரும் கிடைக்காத உறவும்

ஜாக்கி கே 1961இல் எடின்பரோவில் பிறந்தார். தாய் ஸ்காட்லாந்தின் வடபகுதியைச் சேர்ந்தவர். தந்தை அபர்டீனில் பயின்ற நைஜீரிய மாணவர். கிளாஸ்கோவில் வாழ்ந்த வெள்ளையினத் தம்பதியர் அவரைத் தத்தெடுத்தனர், இருவரும் பொதுவுடைமைவாதிகள். ஏழு வயதில் ஒரு திரைப்படத்தில் செவ்விந்தியர் தோற்பதைக் கண்டு வருந்திய சிறுமி, அவர்கள் தம் நிறத்தவர் என்பதையும், தம் தாய் அந்நிறத்தவர் அல்லர் என்பதையும் திடீரென உணர்ந்து கேள்வி கேட்கிறாள். தாய் மறைக்காமல் சொல்கிறார். குழந்தை அழுகிறாள், தாயும் அழுகிறார். ஆனால் அந்நாள் முதல் அவ்வீட்டில் அது பேசப்படாத பொருளாக இருக்கவில்லை. காணாத அந்தப் பெற்றோரைப் பற்றித் தாயும் மகளும் சேர்ந்து கதைகள் புனைகின்றனர். சிஸேயின் வீட்டில் இல்லாதது இதுவே.

1991இல் வெளிவந்த 'தி அடாப்ஷன் பேப்பர்ஸ்' கவிதைத் தொகுதியில், பெற்றவர், வளர்த்தவர், மகள் ஆகிய மூவர் குரல்களையும் மூன்று வேறு எழுத்துருக்களில் கே அமைத்திருந்தார். அதில் பெற்ற தாயின் குரல் பெரிதும் கற்பனையில் பிறந்தது. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த 'ரெட் டஸ்ட் ரோடு', அந்தக் கற்பனையை மெய்மை எதிர்கொள்ளும் நூல். பெற்ற தாய் மோர்மன் சபையில் சேர்ந்தவராக, தயக்கமும் மறதியும் சூழ்ந்தவராகக் காட்சியளிக்கிறார். தந்தையோ நைஜீரியத் தலைநகர் அபுஜாவின் ஒரு விடுதியறைக்குப் பைபிளோடு வருகிறார். அவர் தாவரவியல் கற்றவர். தீவிரக் கிறிஸ்தவப் போதகராக மாறியவர். மகளைக் கண்டதும் மணிக்கணக்காகப் பிரார்த்திக்கிறார். காரணம், அவருடைய பார்வையில் எதிரே நிற்பவர் தம் பழைய பாவம். தம் குடும்பத்தாருக்கு இம்மகளைப் பற்றிச் சொல்லவும் அவர் விரும்பவில்லை.

கே இக்காட்சியைச் சிரிக்கச் சிரிக்க எழுதுகிறார். அச்சிரிப்பின் அடியில் உள்ள காயத்தைத் தேடி வாசகர் இரண்டாம் முறை படிக்க நேர்கிறது. நகைச்சுவை சில இடங்களில் வலியைத் தாங்குகிறது, சில இடங்களில் மூடிவிடுகிறது என்பதே இந்நூல்மீது நாம் வைக்கும் விமர்சனம். தந்தை என்ற மனிதருக்குள் நடந்த போராட்டம் அதனால் நிழலிலேயே தங்கிவிடுகிறது. ஆயினும் நூலின் மெய்ம்மை ஐயத்துக்கு இடமற்றது. வேர் கிடைத்துவிட்டது, தந்தையின் பெயர் தெரிந்துவிட்டது, வசனத்தின் முதற்பாதி நிறைவேறிவிட்டது. ஆனால் அணைக்கும் கரம் அங்கே நீளவில்லை. தந்தையின் பூர்வீகக் கிராமத்துக்குச் செல்லும் செம்மண் சாலையில் தனியே நடக்கும் கே, அந்த மண்ணைத் தம்முடையதாக உணர்கிறார்; மனிதரைவிட மண் அவரை எளிதாக ஏற்றுக்கொள்கிறது. பின்னர் தந்தையின் மகன்களுள் ஒருவர் அவரைச் சகோதரியாகத் தயங்காமல் ஏற்கும்போது, அதுவரை குருதி தராத உறவை ஒரு மனிதரின் விருப்பம் தருகிறது. நூல் நெடுகிலும் அவருக்கு வீடாக நிற்பவர்களோ கிளாஸ்கோவின் அந்த முதிய தம்பதியரே. மகள் வேர் தேடிப் புறப்படுவதை அவர்கள் நன்றிகேடாகக் கருதவில்லை. ஃபிர்அவ்னின் கேள்வியை அவர்கள் கேட்கவில்லை.

தமிழ் வாசகருக்குக் கர்ணன் கதை இங்கே நினைவுக்கு வரும். பாரதக் கதையில் அவன் துயரம், தேரோட்டியின் வீட்டில் வளர்ந்ததால் மட்டும் வந்ததன்று. பிறப்பைப் பற்றிய உண்மை அவனுக்குப் போரின் வாசலில், பிறருடைய தேவைக்காகச் சொல்லப்பட்டது. அரசுரிமையே கிடைக்கும் என்ற நிலையிலும், பாலூட்டி வளர்த்தவளையும் தந்தையாய் நின்றவனையும் விட்டு வரமாட்டேன் என்று அவன் மறுக்கிறான். உண்மைக்கும் ஒரு வேளை உண்டு. வேளை தவறி வரும் உண்மை ஆயுதமாகிவிடுகிறது.

நம் வீடுகளை நோக்கி

இவ்விரு நூல்களையும் வைத்துக்கொண்டு நம் வீடுகளை நோக்கினால் காண்பதென்ன? பிள்ளையற்ற தம்பதியர் உறவினரின் குழந்தையையோ, ஆதரவற்ற குழந்தையையோ வளர்ப்பது நம்மிடையே புதிதன்று. ஆனால் 'தத்து இல்லை' என்ற ஒற்றை வாக்கியத்துக்கு அஞ்சி, அதை வாய்விட்டுப் பேசாமலிருப்பதே வழக்கமாகிவிட்டது. சட்டத்தை மீறுகிறோமோ என்ற அச்சம், சட்டம் எதைத் தடுக்க வந்ததோ அந்த மறைப்பிலேயே கொண்டுபோய் விடுகிறது. நிகாஹின்போது 'இன்னார் மகள்' என்று சொல்லி ஈஜாப் கபூல் நிகழ வேண்டும். தந்தை உயிரோடிருப்பின் வலீயாக நிற்க வேண்டியவர் அவர். வலீ எவரும் இல்லையேல் அந்த இடம் காஜியாருக்கு உரியது. அவ்வேளையில்தான் ஒரு பெண் தான் இவர்களுக்குப் பிறந்தவளல்லள் என்று அறிய நேருமானால், அவளுக்கு இழைக்கப்பட்டது அநீதியே. அவள் கர்ணனின் நிலையில் நிறுத்தப்படுகிறாள்.

மறைக்காமல் வளர்க்க ஷரீஅத் திறந்து வைத்துள்ள வாயில்கள் குறைவல்ல. சீறாப்புராணத்தில் உமறுப் புலவர் அலிமா முலையூட்டுப் படலம் என ஒரு படலமே அமைத்துப் பாடிய பால்குடி உறவு அவற்றுள் தலையாயது. இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைக்கு வளர்ப்புத் தாயின் சகோதரி முறைப்படி பாலூட்டினால், வளர்ப்பவர் அக்குழந்தைக்குச் சின்னம்மாவோ பெரியம்மாவோ ஆகிவிடுகிறார். பெண் குழந்தைக்கு வளர்ப்புத் தந்தையின் சகோதரி பாலூட்டினால் அவர் தாய்மாமனாகிவிடுகிறார். மஹ்ரம் தடை அங்கே நீங்குகிறது. வளர்ப்புப் பிள்ளை வாரிசு அல்லவாதலால் மூன்றிலொரு பங்குவரை அவருக்கு வஸிய்யத் எழுதலாம். வாழ்நாளில் ஹிபாவாக எதையும் வழங்கலாம். இவ்வாயில்களை அறிந்தோர் பலர். மிம்பரிலிருந்து எடுத்துரைப்போர் சிலர்.

முஸ்லிம் நாடுகளும் இவ்வினாவுக்கு ஒரே விடை காணவில்லை. துனீசியா 1958இல் தத்தைச் சட்டப்படி ஏற்றது. அல்ஜீரியா கஃபாலா முறையைப் பேணிக்கொண்டே, வளர்ப்பவரின் குடும்பப் பெயரைப் பிள்ளை தாங்கலாம் என 1992இல் ஓர் ஆணையால் அனுமதித்தது. வம்சத் தொடர்பு அதனால் உண்டாவதில்லை. மொராக்கோ 2002இல் கஃபாலாவுக்குத் தனிச் சட்டம் இயற்றியது. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன் 20ஆம் பிரிவில் கஃபாலாவைப் பெயர் சுட்டியே ஏற்கிறது. நம் நாட்டில் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் நெடுங்காலம் நமக்கு வழியாயிருந்தது. இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் எம்மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்றும், தத்தெடுப்பதும் எடுக்காமல் தம் தனிச் சட்டத்தைப் பின்பற்றுவதும் அவரவர் விருப்பம் என்றும் உச்ச நீதிமன்றம் 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் முஸ்லிம் தனிச் சட்ட வாரியம் கஃபாலா முறையை எடுத்துக்காட்டி வாதிட்டது. வாதம் சரி. ஆனால் நீதிமன்றத்தில் நாம் எடுத்துக்காட்டிய கஃபாலா நம் மஹல்லாக்களில் எவ்வடிவில் இயங்குகிறது? வீடற்ற குழந்தைக்கு வீடு தேடித் தரும் ஏற்பாடு எத்தனை ஜமாஅத்துகளில் உண்டு? யதீம்கானாக்கள் கட்டினோம், அது பெரும்பணி. எனினும் விடுதியின் வரிசைக் கட்டிலும் ஒரு வீட்டின் மடியும் ஒன்றல்ல.

தந்தை அறியப்படாத குழந்தையைப் பற்றியும் ஒரு சொல். கேயின் தந்தை மகளில் பாவத்தைக் கண்டது போல, தெருவோரத்தில் கிடந்த குழந்தையில் பாவத்தைக் காணும் கண்கள் நம்மிடையேயும் உண்டு. ஓர் ஆன்மா மற்றோர் ஆன்மாவின் சுமையைச் சுமக்காது என்பது திருமறையின் தெளிவான தீர்ப்பு (6:164). கண்டெடுத்த குழந்தையோடு தம்மிடம் வந்தவருக்கு கலீஃபா உமர் (ரலி) அளித்த விடையை இமாம் மாலிக் தம் முவத்தாவில் பதிந்துள்ளார்: குழந்தை சுதந்திரமானது, அதன் பொறுப்பும் பிணைப்பும் உமக்கு, செலவு எமக்கு என்பது அதன் கருத்து. ஒரு தனி வீடும் பொதுக் கருவூலமும் ஒரு குழந்தைக்காகக் கைகோத்தன. குழந்தையின் பிறப்பை அலசியதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை.

இறுதியாக ஒரு வழக்கு. ஹிஜ்ரி 7இல் உம்ரா முடித்து மக்காவிலிருந்து முஸ்லிம்கள் புறப்பட்டபோது, உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் சிறுமகள் பின்னால் ஓடி வந்தாள். அவளை வளர்க்கும் உரிமை தமக்கே வேண்டும் என்று மூவர் வழக்காடினர்: அலீ (ரலி), ஜஅஃபர் (ரலி), ஸைத் (ரலி). அலீயும் ஜஅஃபரும் அவளுக்குத் தந்தைவழி உறவினர். ஸைத் (ரலி) அவர்களுக்கு அவளோடு குருதி உறவு எதுவுமில்லை. அண்ணலார் ஏற்படுத்திய சகோதரப் பிணைப்பால் ஹம்ஸா தம் சகோதரர், ஆகவே இவள் தம் சகோதரர் மகள் என்றார். பிறர் வீட்டில் வளர்ந்த சிறுவர், இப்போது பிறர் குழந்தைக்குத் தம் வீட்டைத் திறக்க முன்வந்து நின்றார். சிறுமியின் சிற்றன்னை ஜஅஃபரின் இல்லத்தில் இருந்ததால், அவள் அங்கேயே வளர வேண்டும் எனத் தீர்ப்பாயிற்று. தாயின் சகோதரி தாயின் நிலையில் உள்ளவர் என்றார்கள் நபிகளார். பிறகு மூவருக்கும் ஒவ்வொரு ஆறுதல் மொழி. ஸைத் (ரலி) அவர்களுக்குக் கிடைத்தது: நீர் எம் சகோதரர், எம் மவ்லா. அல்அஹ்ஸாப் வசனத்தின் இரண்டாம் பாதியில் உள்ள அதே இரு சொற்கள். ஒரு காலத்தில் மகன் என்ற பெயரை நீக்கிய வசனத்திலிருந்தே எடுத்து, அண்ணலார் அவற்றை அவருக்கு அன்பாக அணிவித்தார்கள்.

ஒரு யதீம் சிறுமிக்காக மூன்று வீடுகள் வழக்காடிய சமுதாயம் அது. நம் ஊரில் அத்தகைய சிறுமி ஒருத்தி ஓடி வந்தால் எத்தனை வீடுகள் வழக்குக்கு வரும் என்பதை ஒவ்வொரு ஜமாஅத்தும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும்.